வீரம்மா மாரில் வைத்த மல்லிகை

வீரம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. வலிக்கிறதா என்று கேட்டால் வலிக்கிறது என்பாள். அப்படியானால் விட்டுவிடேன் என்றால் மாட்டேன் என்பாள். அவள் போட்ட சண்டைகளில் பாதி இந்த இரண்டு பதிலால் வந்தது. மீதிப் பாதி, யாரும் கேட்காமலே அவள் சொன்னதால் வந்தது.

காப்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். தகப்பன் பால்மரம் வெட்டியே காலத்தை ஓட்டினான். இருபத்திரண்டு வயதில் கன்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கிள்ளானுக்கு வந்தாள். கன்னையா லோரி ஓட்டுபவன். துறைமுகத்தில் கோதுமை மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் கோலாலம்பூர் போவான், சாயந்திரம் வெறும் லோரியோடு திரும்புவான். அவனுடைய அக்கா நல்லம்மாள் கடைத்தெருவில் பூக்கடை வைத்திருந்தாள். கீழே கடை, மேலே வீடு. நல்லம்மாள் கல்யாணமே கட்டிக்கொள்ளவில்லை; புருஷனும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. பூதான் எல்லாம். புதுப்பெண் வந்த மறுநாளே ஒரு கூடை மல்லிகை மொட்டை அவள் மடியில் கொட்டி, "சும்மா உக்காந்தா இடுப்பு பெருத்துரும்லா" என்றாள்.

ஆறு வருஷத்தில் வீரம்மாவுக்கு விரலிலேயே கண் வந்துவிட்டது. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நூலில் ஒரு சுற்று, ஓர் இழுப்பு. பூ வாங்க வருகிறவர்களையும் அதேபோல் கண்டுபிடிப்பாள். பேரம் பேசினால் கோயிலுக்கு. பேரம் பேசி, மோந்து பார்த்து, பிறகும் பேரம் பேசினால் கல்யாணத்துக்கு. பூவைப் பார்க்காமல் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டு வாங்கினால் பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த. ஒரு வகை ஆள் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. பெரும்பாலும் ஆம்பளை. நாலு முழம் மல்லிகை கேட்பான். மோந்து பார்க்க மாட்டான், பேரம் பேச மாட்டான், தினசரித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்விடுவான். அப்படி வந்த ஒருவனிடம் ஒருநாள் கொசுறாகக் கொஞ்சம் கனகாம்பரமும் வைத்து, "வீட்ல விசேஷமாண்ணே?" என்று கேட்டாள். அவன் சற்று நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "ஆமாமா" என்று போனான். ஊமை வியாபாரம் என்று நல்லம்மாளிடம் சொல்லிச் சிரித்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, கல்யாண மாலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. ஏழு வாரம் முன்னதாக. மாலையில் இன்னும் ஒரு சாண் பாக்கி. அதை முடித்து, குஞ்சம் வைத்து, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் எழுந்தாள். "ஏன்டி அப்பவே சொல்லல?" என்று நல்லம்மாள் கத்தினாள். "சொன்னா நீ பாதியில விட்டுருவ அண்ணி" என்றாள்.

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கோலாலம்பூர்தான் சரி என்று டாக்டர்கள் சொல்லி, தாயையும் பிள்ளையையும் ஆம்புலன்சில் ஏற்றி அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கன்னையா கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் ஏத்துற மாவுல சின்ன பேக்கே இதவிட கனம்" என்றான். 

அந்த வார்டு நர்ஸ்களுக்கெல்லாம் பெரிய மிஸ்ஸி இராசேஸ்வரி. பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூக்கின் நுனியில் கண்ணாடி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஐந்தாம் நாள் வீரம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது அவர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"பிள்ளைக்குச் சூப்பத் தெரியாது. இன்னும் மூண்டு நாலு கிழமை செல்லும். அதுவரைக்கும் மூக்கால குழாய் விட்டுத்தான் பால். டின் பால் குடுத்துப் பாத்தனாங்கள், வயிறு ஊதிப்போச்சு. உம்மட பால்தான் அதுக்குத் தங்கும். ஒரு நாளைக்கு எட்டு அவுன்ஸ். விளங்குதோ?"

"விளங்குது மிஸ்ஸி. எட்டு அவுன்ஸ்."

"குறையப்படாது."

"குறையாது" என்றாள் வீரம்மா.

அந்த ஒரு சொல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. மருந்துக் கடையில் பால் எடுக்கும் பம்பு ஒன்று வாங்கிவந்தான் கன்னையா. கண்ணாடியில் ஒரு புனல், அதன் வாலில் ரப்பர் உருண்டை. பழைய டாக்சிக்குப் பக்கவாட்டில் மாட்டியிருப்பார்களே ஹாரன், அச்சு அசல் அதுதான். உருண்டையை அமுக்கிப் புனலை மாரில் வைத்துக் கையை விட்டால், காம்பைப் பிடித்து ஓர் இழு இழுக்கும். சுறாமீன் பிடித்தது மாதிரி இருக்கும். எடுத்த பாலைப் போத்தலில் ஊற்றி, பூவுக்கு வரும் ஐஸில் கொஞ்சம் உடைத்து வாயகன்ற பிளாஸ்க்கில் போட்டு, நடுவில் போத்தலை இறக்கிவைப்பாள். விடிந்ததும் கன்னையா அதைச் சீட்டில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்படுவான். வளைவுகளில் இடது கை பிளாஸ்க்கின் மேல் இருக்கும். மாவு மூட்டைக்கு அவன் அப்படிச் செய்ததில்லை.

முதல் வாரம் எட்டு அவுன்ஸ் போனது. ஒருநாள் ஒன்பதுகூட. ஆனால் மார் கல்லாகக் கட்டிக்கொண்டது. பம்பு இழுத்து இழுத்து இரண்டு காம்பிலும் பிளவு விழுந்தது. ரவிக்கைத் துணி பட்டால் உயிர் போகும். துணி படாமல் இருக்க என்ன செய்வது என்று ஒரு காலை முழுக்க யோசித்தாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வடிகட்டி இரண்டை எடுத்துவந்து கன்னையாவிடம் நீட்டினாள்.

"இந்தக் கைப்பிடிய உடைங்க."

குறட்டால் உடைத்துக் கொடுத்தான். வெட்டிய இடத்தை அரத்தால் ராவியும் கொடுத்தான். சின்னக் கிண்ணம் மாதிரி இருந்த அந்தக் கம்பி வலைகளை ரவிக்கைக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். காற்றும் பட்டது, துணியும் படவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டுத் தேத்தண்ணியில் தூள் மிதந்தது. கன்னையா பல்லால் வடிகட்டிக் குடித்தான். 

நாற்பது நாள் மேலேயே கிடக்கவேண்டியவள், பதினைந்தாம் நாளே கீழே இறங்கிவிட்டாள். பிள்ளை இல்லாத அறையில் எதைப் பார்த்துக்கொண்டு கிடப்பது? கடையின் பின்பக்கம் பலகை அடித்து மறைத்த ஓர் இடம் இருந்தது. பூக்கூடையும் ஐஸ் பெட்டியும் அங்கேதான். அதற்குள் உட்கார்ந்து பம்பைப் போடுவாள். முன்னால் வியாபாரம் நடக்கும்.

ஒருநாள் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் மாலைக்குச் சொல்ல வந்திருந்தார். உள்ளே ரப்பர் உருண்டை முக்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா உள்ள சத்தம்? வாத்து வளக்கிறியா?"

"தம்பியோட லோரி ஹாரன். ரிப்பேர்" என்றாள் நல்லம்மாள். "மாலைக்கு ரோசாவா, சம்பங்கியா?"

"ரோசா. ஹாரன்னா இப்படியா அழும்?"

"பழசு."

உள்ளிருந்து வீரம்மா, "ஹாரன் இல்ல அங்கிள், நான்தான். பால் எடுக்கிறேன்" என்றாள். அந்த மனுஷர் ரோசாவா சம்பங்கியா என்பதை மறந்து, இரண்டுக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பம்பின் கண்ணாடியில் பாலோடு ரத்தமும் ஒரு கீற்று ஓடியது. நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளால் பார்க்க முடியவில்லை. தனக்கு வாய்க்காத ஒன்று இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து, கட்டிவைத்திருந்த மல்லிகைச் சரத்தில் இரண்டு முழம் அறுத்து எடுத்தாள்.

"இந்தா. சுருட்டி உள்ள வையி."

"பூவையா?"

"கண்ணு எரிஞ்சா வைக்கிறோம், தலைச்சூட்டுக்கு வைக்கிறோம். இங்க வச்சா மட்டும் என்னவாம்? குளுமைதான?"

வீரம்மா வைத்தாள். ஆகா, அந்தச் சுகத்தை என்ன சொல்ல! எரிந்துகொண்டிருந்த இடத்தில் யாரோ ஊதிவிட்டது மாதிரி இருந்தது. காய்ந்தால் புதுச்சரம் மாற்றினாள். மறுநாளும் வைத்தாள், அதற்கு மறுநாளும் வைத்தாள். நாலு நாளில் கல்லாக இருந்த மார் இளகிவிட்டது. ஒரு வாரத்தில் வலி பாதிக்கு மேல் போய்விட்டது. "பார்த்தியா?" என்றாள் நல்லம்மாள். பார்த்தாள். பூக்கடையில் இருந்துகொண்டு இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

பாலும் குறைந்தது. எட்டு ஏழானது. ஏழு ஐந்தானது.

வலி போனதையும் பால் போனதையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வீக்கம் வடிந்தால் நல்லதுதானே என்று நினைத்தார்கள். பால் குறைவது சாப்பாட்டில் என்று முடிவுகட்டினார்கள். கன்னையா துறைமுகத்திலிருந்து பால்சுறா வாங்கிவந்தான். நல்லம்மாள் உரித்த பூண்டைப் படியால் அளந்து நல்லெண்ணெயில் வதக்கினாள். முருங்கைக்கீரை காலையிலும் இரவிலும். வீரம்மா எல்லாவற்றையும் தின்றாள். உடம்பு பெருத்தது, பால் மூன்று அவுன்ஸானது. கடை முழுக்கப் பூண்டு வாசம். கோயில் பூசாரி வேறு கடைக்கு மாறினார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி போத்தலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்ன தம்பி, பால் மல்லிகைப்பூ மணக்குது?"

கன்னையா பெருமையாகச் சொன்னான். "நம்ம கடை ஐஸ், மிஸ்ஸி. பூ ஐஸ்."

மிஸ்ஸி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஐஸ் இருக்கட்டும். மூண்டு அவுன்சை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? நேத்து மிச்சத்துக்கு டின் பால் குடுத்தம், கக்கிப்போட்டுது. ஞாயிற்றுக்கிழமை உங்கட மனுசியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

அன்று சாயந்திரம் கன்னையா அதை வீட்டில் சொன்னான். குறையாது என்று அவள்தானே சொல்லியிருந்தாள். மேலே போய்ப் பம்பை எடுத்து அரைமணி நேரம் அமுக்கினாள். கண்ணாடிக்கு அடியில் ஒரு கரண்டி அளவு நின்றது. அதையும் போத்தலில் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு புறப்பட்டாள். பிள்ளையைப் பார்க்கப் போகிறவள் வெறுந்தலையோடு போகலாமா? லோரி குலுங்கும் என்பதால் ரவிக்கைக்குள்ளும் வழக்கத்தைவிட அதிகமாகவே வைத்துக்கொண்டாள். பார்க்கும் நேரம் ஆகவில்லை என்று வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கன்னையா லோரியை ஒதுக்குப்புறமாக நிறுத்தப் போயிருந்தான்.

பக்கத்தில் வயதான அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். செமினியிலிருந்து வந்தவள், பேர் மாரியாயி. சற்று நேரம் மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பினாள்.

"பூ வச்சிருக்கியாமா? கொஞ்சம் குடுப்பியா? கீழ வெளிய எல்லாம் தேடிட்டேன், கெடைக்கல."

"இந்தாங்க" என்று வீரம்மா தலையிலிருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். பூக்கடைக்காரிக்குப் பூ ஒரு பெரிய விஷயமா?

மாரியாயி அதை முழங்கையில் வைத்து அளந்து பார்த்தாள். "ஒண்ணுக்குத்தான் வரும் போலயே. இன்னொண்ணுக்கு வேணுமே."

எது ஒன்றுக்கு என்று வீரம்மா கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி ரவிக்கைக்குள் கைவிட்டு, சுருட்டிவைத்திருந்த சரங்களை எடுத்து நீட்டினாள். உடம்புச் சூட்டில் பூ வாடியிருந்தது.

மாரியாயி கையை நீட்டவில்லை. பூவைப் பார்த்தாள், அது வந்த இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. வீரம்மாவின் முதுகில் கைவைத்தாள்.

"ஐயோ தாயி. உனக்கும் புள்ள போயிருச்சா?"

"இல்லைங்களே. உள்ள இருக்கு. கண்ணாடிப் பெட்டியில."

"அப்புறம் ஏன்டி மாருல மல்லிய வச்சிருக்க?"

"வலிக்குதுன்னு. குளுமைன்னு."

மாரியாயி மெதுவாகத்தான் சொன்னாள். மருமகளுக்கு முந்தாநாள் பிள்ளை பிறந்து நேற்று போய்விட்டது. பாலுக்கு அது தெரியவில்லை, கட்டிக்கொண்டு நிற்கிறது. மல்லிகையை வைத்துக் கட்டினால் நாலைந்து நாளில் வற்றிவிடும். அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். "இத யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லமா. வீட்டு ஆம்பளைய அனுப்புவோம், பேசாம வாங்கிட்டு வந்துருவாங்க" என்றாள்.

வீரம்மாவுக்கு நாலு முழம் வாங்குகிறவர்கள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராக, வரிசையாக. கனகாம்பரம் கொசுறு வாங்கிப் போனவன் கடைசியில் வந்து நின்றான்.

கையில் நீட்டியிருந்த பூவை மாரியாயியின் மடியில் வைத்தாள். கழிவறைக்குப் போய் ரவிக்கைக்குள் மிச்சமிருந்த உதிரிப்பூவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். மாரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். எரிந்தது. இன்னொரு தடவையும் கழுவினாள்.

மிஸ்ஸியிடம் ஒளிக்கவில்லை. "பூ வச்சேன் மிஸ்ஸி. பத்து நாளா."

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றினார். "பூவோ? எடி பிள்ளை..." என்று தொடங்கினவர் நிறுத்திக்கொண்டார். திட்டுவதற்கு வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

"திரும்ப வருமா மிஸ்ஸி?"

"வரலாம். வராமலும் விடலாம். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எடுக்கவேணும். வந்தாலும் வராட்டிலும் எடுக்கவேணும்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"சரி" என்றாள் வீரம்மா.

அவள் பையில் கொண்டுவந்திருந்த அந்த ஹாரன் பம்பை மிஸ்ஸி வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார். பால் ரப்பருக்குள் போய்த் தேங்குமாம், கழுவவும் முடியாதாம், காம்பைப் பிய்த்தது அதுதானாம். பிறகு வேறு வழி காட்டினார். வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் சுடுநீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைக்கவேண்டும். போத்தல் நன்றாகச் சூடானதும் நீரைக் கொட்டிவிட்டு, வாயை மட்டும் பச்சைத் தண்ணீரில் ஆற்றி, போத்தலைத் துணியில் சுற்றி, காம்பு உள்ளே போகும்படி மாரில் காற்றுப் புகாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். போத்தல் ஆற ஆற, அதுவே மெதுவாக இழுக்கும். அடித்துப் பிடுங்காது. மார் இளகியதும் மிச்சத்தைக் கையால் பிழியவேண்டும், காம்பைத் தொடாமல், அதற்குப் பின்னாலிருந்து. முடிந்ததும் சொந்தப் பாலில் ஒரு சொட்டைப் பிளவில் தடவிக் காற்றில் காயவிடவேண்டும். அவ்வளவுதான் மருந்து.

"உடுப்புப் படாம என்ன செய்யிறீர்?" என்று கேட்டார்.

வீரம்மா வடிகட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள். மிஸ்ஸி அதை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சு."

"ம்" என்றார். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அந்த வார்டில் இன்னும் மூன்று பெண்கள் கைப்பிடி இல்லாத வடிகட்டியோடு இருந்தார்கள். கோலாலம்பூரில் எத்தனை வீட்டில் தேத்தண்ணியில் தூள் மிதந்ததோ, தெரியாது.

அன்றைக்குச் சாயந்திரம் லோரி கிள்ளானுக்குத் திரும்பியது. கடை வாசலில் இறங்கியதும் நல்லம்மாள் கேட்டாள்.

"என்ன சொன்னா மிஸ்ஸி?"

"மல்லி பால வத்த வைக்குமாம் அண்ணி. புள்ள செத்தவங்க அதுக்குத்தான் வாங்கிட்டுப் போறாங்களாம்."

நல்லம்மாள் கையில் பாதிக் கட்டிய சரம் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தெரியாமல், தொடர்ந்து கட்டவும் தெரியாமல் நின்றாள். "நாப்பது வருஷமா பூ விக்கிறேன்" என்றாள்.  மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயில் அன்றும் வரவில்லை, என்றும் வந்ததில்லை. மறுநாள் விடிவதற்குள் ஐஸ் பெட்டி, கூடை, பூ எல்லாவற்றையும் தன் கையாலேயே இழுத்துக் கடைக்கு முன்னால் அஞ்சடிக்குக் கொண்டுபோய்விட்டாள். அந்த நடைபாதையில் வெயிலும் பஸ் புகையும் நேராக அடிக்கும். இரண்டு மாதம் அங்கேயே உட்கார்ந்து பூ கட்டினாள். யாராவது கேட்டால் உள்ளே எலி என்றாள்.

போத்தலும் அவள் கொடுத்ததுதான். எலுமிச்சை ஊறுகாய் இருந்த போத்தல். ஊறுகாயைக் கிண்ணத்தில் கொட்டி, போத்தலைச் சோடா மாவு போட்டுத் தேய்த்து, மூன்று தடவை கொதிக்கவைத்து, வெயிலில் கவிழ்த்துக் கொண்டுவந்தாள். வீரம்மா மோந்து பார்த்தாள். "காரம் அடிக்குது அண்ணி." நாலாவது தடவையும் கொதித்தது. பால் பிளாஸ்க்குக்கான ஐஸை இனிக் காப்பிக்கடையில் வாங்குவது என்று ஆனது.

முதல் நாள் பத்துத் தரம் எடுத்ததில் மொத்தம் இரண்டு அவுன்ஸ். இரண்டாம் நாளும் அதே இரண்டு. மூன்றாம் நாள் மார் மறுபடி கனக்கத் தொடங்கியது. கனத்ததோடு வலியும் வந்தது, விட்ட இடத்திலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல். "எப்படி இருக்கு?" என்று கன்னையா கேட்டான். "நல்லா வலிக்குது" என்றாள். அவள் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் தெளிவு தெரிந்தது.

பூ மீதிருந்த நம்பிக்கை மட்டும் அவளுக்குப் போய்விட்டது. மல்லிகைதான் ஆகாது, கனகாம்பரத்துக்கு மணமே இல்லையே, அதையாவது வை என்று நல்லம்மாள் கெஞ்சினாள். "அது என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்?" என்று எந்தப் பூவையும் தொட மறுத்தாள். பூக்கடைக்காரி, கல்யாணமானவள், வெறுந்தலையோடு கடை வாசலுக்கு வந்து நின்றால் தெரு சும்மா இருக்குமா? இரண்டே நாளில் துக்கம் விசாரிக்க ஆள் வந்துவிட்டது. மார்க்கெட்டிலிருந்து வந்த வீரம்மாவின் தூரத்துச் சொந்தம் இராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எப்படிமா ஆச்சு? லோரியா?" என்றாள்.

நல்லம்மாள் மாடியைப் பார்த்துக் கத்தினாள். "டேய் கன்னையா! கீழ வாடா, உன்ன பாக்க வந்திருக்காங்க."

கன்னையா பனியனோடு இறங்கிவந்தான். அதற்குப் பிறகு சாயந்திரம் லோரியை நிறுத்தியதும் கடை முன்னால் ஒரு நாற்காலி போட்டு அரைமணி நேரம் உட்காரவேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டாள். உட்கார்ந்தான். தெரிந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டினான். தீபாவளி வியாபாரம் கெடவில்லை.

ஆறாம் நாள் மூன்றரை. எட்டாம் நாள் ஐந்து. அன்று மிஸ்ஸி போத்தலை மோந்து பார்த்து, "இப்ப பால் மணக்குது" என்றார். பதின்மூன்றாம் நாள் எட்டு அவுன்ஸ் போனது. அதற்கிடையில் வீரம்மா ஞாயிறுதோறும் போய்ப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் ஞாயிறு அது காம்பை நக்கிப் பார்த்துவிட்டுத் தூங்கியது. அடுத்த ஞாயிறு இரண்டு வாய் சூப்பி, அதிலேயே களைத்துத் தூங்கியது. "அவசரப்படுத்தாதையும். அதுக்கு இப்பதான் பிறக்கிற நாளே வந்திருக்கு" என்றார் மிஸ்ஸி.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். வீரம்மா பலகைக்குப் பின்னால் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அஞ்சடியில் ஒரு ஆள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"மல்லி நாலு முழம் குடுங்க."

நல்லம்மாள் அறுத்தாள். ஐந்து முழத்துக்கு மேலேயே இருக்கும். தாளில் சுற்றும் சத்தம் கேட்டது. அந்த ஆள் காசு எடுக்கப் போயிருப்பான் போல. "வேணாம் தம்பி, போ" என்றாள் நல்லம்மாள். அவன் போகும்வரை வீரம்மா மூச்சுவிடவில்லை. போத்தல் ஆறிக்கொண்டிருந்தது.

சூப்பப் பழகி, இரண்டே கால் கிலோ ஆனதும் பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள். மிஸ்ஸியின் பேரை வைக்கலாமா என்று கன்னையா கேட்டான். "வேண்டாம். இந்த வருசத்தில ஏழு பேருக்கு வச்சாச்சு. கூப்பிட்டா எல்லாம் திரும்பிப் பாக்கும்" என்றார். லெட்சுமி என்று வைத்தார்கள். லோரியில் பிளாஸ்க் இருந்த இடத்தில், நடுச்சீட்டில், வீரம்மா பிள்ளையோடு உட்கார்ந்தாள். வளைவுகளில் கன்னையாவின் இடது கை பழக்கத்தில் நீண்டு வந்து அவள் முழங்காலில் முட்டியது.

வீட்டுக்கு வந்ததும் லெட்சுமி வாயைத் திறந்து அழுதது. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. வீரம்மா மடியில் போட்டுக் கொடுத்தாள். ஏழெட்டு வாரம் குழாயில் குடித்த பிள்ளை கணக்குத் தீர்க்கிற மாதிரி கவ்விப் பிடித்தது. ஆறத் தொடங்கியிருந்த பிளவு மறுபடி திறந்துகொண்டது. வீரம்மாவின் கால் கட்டைவிரல் மடங்கி, சிமெண்டுத் தரையை அழுத்தியது.

நல்லம்மாள் வாசற்படியிலேயே நின்றாள். பூ வாசம் போகக் குளித்து, புடவை மாற்றி, தலையில் ஒற்றைப் பூகூட இல்லாமல் வந்திருந்தாள்.

"பம்பு மாதிரியே இழுக்குதா?"

"அதவிட மோசம்."

"விட்டு விட்டுக் குடேன். கொஞ்சம் ஆறட்டும்."

"நீ உள்ள வா அண்ணி" என்றாள் வீரம்மா. "வந்து இந்தத் தலையணைய முதுகுக்கு வையி. இன்னொரு பக்கமும் இருக்கு."